உடும்புக்குப் போட்ட கூழாங்கல் மெத்தை

மழை வெள்ளத்தில் காட்டுக் குளத்தின் கரை கரைந்து போனது. கரையில் இருந்த உடும்பின் வளையும் தண்ணீருக்குள் போய்விட்டது. உடும்புக்கோ வயிறு நிறைய முட்டை!

மேட்டில் ஒரு பாறைக் குழி மட்டும் காய்ந்து கிடந்தது. அதில் மண் போட்டால் முட்டை இடலாம்.

"நீ அலையாதே தங்கச்சி! எல்லாம் நான் பார்த்துக்கிறேன்!" என்றது ஆண்மயில். அளவு பார்க்க முயலைக் கூட்டி வந்தது.

முயல் குழிக்குள் குதித்துக் குதித்துப் பார்த்தது. "நீளம் பார்த்தாச்சு, அகலம் பார்த்தாச்சு. அவ்வளவுதான் மயிலண்ணே!"

"ஆழம் பார்க்கலையே தம்பி," என்றது உடும்பு மெதுவாக. "என் உடம்பு முழுக்க உள்ளே போகணும். ஈர மண்ணா இருக்கணும். பிடிச்சா உருண்டையா நிக்கணும்."

"ஆழம் எதுக்கு அக்கா? நான் புல்லு மேலதான் படுக்கிறேன். நல்லாத்தானே இருக்கேன்!" என்றது முயல்.

"ஈர மண்ணா? சீ, அசிங்கம்!" என்றது மயில். "வெள்ளைக் கூழாங்கல் போடுவோம். பார்க்கிறவங்க அசந்து போவாங்க! நீ சும்மா இரு."

உடும்பு சும்மா இருந்தது. உதவி செய்ய வந்தவர்களை எப்படி எதிர்த்துப் பேசுவது?

குழி முழுக்க ஓர் அடுக்குக் கூழாங்கல் பரப்பினார்கள். மயில் தோகை விரித்து ஆடியது.

அதற்குள் உடும்புக்கு வலி வந்துவிட்டது. அவசரமாகத் தோண்டியது. கல்லை ஒதுக்கினால் பாறை. வேறு இடத்தில் தோண்டினால் அங்கும் பாறை! நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அடக்க முடியாமல் ஒரு முட்டை நழுவியது. வெயிலில் கொதித்த கல்லில் விழுந்து, தோல் கிழிந்து, உள்ளே இருந்தது ஒழுகியது.

"ஐயோ, கல்லெல்லாம் அழுக்காச்சே!" என்றது மயில்.

"அழுக்கா? அது என் பிள்ளைடா!" உடும்பு சீறியது. வாலைச் சுழற்றி ஓர் அடி! கூழாங்கல் எல்லாம் வெளியே பறந்தது. "நீ என்னைக்காவது முட்டை இட்டிருக்கியா? அடை காத்திருக்கியா? உள்ளே போகப்போறது நான்! வாயைத் திறந்து சொன்னேனே, யார் காதில் விழுந்தது? இந்தத் தோகை ஆட்டுறதுக்கு மட்டும்தானா? போய் மண்ணை இழுத்துட்டு வா!"

மயில் ஓடியது. சரிவிலிருந்து ஈர மண்ணை இழுத்து இழுத்துத் தள்ளியது. தோகையெல்லாம் சேறு. முயல் பின்னங்காலால் மண்ணை வாரி இறைத்தது. உடும்பு வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றது.

குழி பாதி நிறைந்தது. முயல் தலையைக் குனிந்தபடி கேட்டது: "அக்கா, இந்த ஆழம் போதுமா?"

"போதாது! இன்னும் போடு!"

போட்டார்கள். உடும்பு தோண்டி உள்ளே போனது. மிச்ச முட்டைகளை இட்டு மண்ணால் மூடியது. அதன் பிறகு மயிலை அந்தப் பக்கமே அண்ட விடவில்லை.

ஒருவருக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அவரையே கேட்காமல், நம் இஷ்டத்துக்குச் செய்வது உதவியே அல்ல.