காலுக்கு மேலே ஒரு முகம்

மேதி என்ற இளம் எருமைக்கு அநியாயம் நடந்தது. அவளுக்கு முகமே இல்லை என்று காடு முழுக்க நம்பவைத்துவிட்டார்கள். அதுவும் சிரிக்கச் சிரிக்க.

செய்தவன் கூத்தன் என்ற நரி. குளக்கரையின் வெள்ளைப் பாறையில் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, தேக்கிலையில் வெட்டிய பொம்மைகளைக் குச்சியில் பிடித்து நிழலாட்டம் காட்டுவான். அப்பப்பா, என்ன வித்தை அது! அணிலைத் துரத்தும் உடும்பு மலை உச்சியிலிருந்து விழும். அப்பளமாய் நசுங்கும். அடுத்த நொடியே உதறிக்கொண்டு எழுந்து நாக்கை நீட்டும். யானைகூட வாய் பிளந்து நிற்கும். மேதியும்தான்.

ஆனால் ஆட்டத்தில் எருமை வந்தால் நான்கு கால்கள் மட்டுமே வரும். கத்திக்கொண்டே வரும், சேற்றில் வழுக்கும், தொபுக்கடீர் என்று விழும். அவ்வளவுதான்.

இதைப் பார்த்துப் பழகிய குரங்குகள் ஒருநாள் குளத்துச் சரிவில் சேற்றைப் பூசிவைத்தன. மேதியின் தங்கை தும்பை வழுக்கி விழுந்தாள். "காலு விழுந்துடுச்சு டோய்" என்று கைதட்டின. அன்றிலிருந்து தும்பை தண்ணீருக்கே வரவில்லை. கொளுத்தும் கோடையில் புதருக்குள் நாக்கு வறண்டு கிடந்தாள்.

மேதி நேரே நரியின் வளைக்குப் போனாள்.

"கூத்தா, எனக்கு ஏன் முகம் வெட்டலை?"

"விளையாட்டும்மா. உடும்பு தினமும்தான் அடி வாங்குறான். அவன் வந்து கேட்டானா?"

"அவன் விழுந்தா எழுந்து முகத்தைக் காட்டுறான். விழுந்தது யாருன்னு தெரியுது. நான் விழுந்தா?"

கூத்தன் காதைச் சொறிந்தான். "உண்மையைச் சொல்லட்டா? நீ தண்ணிக்குப் போறப்ப, என் வளைக்குள்ளேருந்து பார்த்தா கால்தான் தெரியும். தெரிஞ்சதை வெட்டினேன்."

"வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தா கழுத்து சுளுக்கிக்குமோ?"

அன்று மாலையும் கூத்தன் அதே கால்களைத்தான் தூக்கினான்.

மேதிக்குப் பொறுக்கவில்லை. வெயிலுக்கும் பாறைக்கும் நடுவே போய் நின்றாள்.

பாறை முழுக்க ஒரு முகம் எழுந்தது. கொம்புகள் இரண்டு பிறைகளாய் மேலே வளைந்தன. அவள் காதை அசைத்தபோது பாறையே அசைவது போலிருந்தது. இமை மயிர்கூடத் தெரிந்தது. தவளைகள் கத்துவதை நிறுத்தின. "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்று யானை மெல்லக் கேட்டது.

வேடிக்கை பார்த்த அணிலுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கொம்பில் ஏறிச் சறுக்கி மூக்கில் வந்து நின்றது. மேதி தும்மினாள். அணில் பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது. தும்மிய வேகத்தில் மேதியும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். காடே சிரித்தது. மேதியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தும்பை புதரைவிட்டு வந்தாள். குரங்குகள் தலை குனிந்து வழிவிட்டன. அக்காவின் பக்கத்தில் நின்று வயிறாரத் தண்ணீர் குடித்தாள்.

கூத்தன் கால் பொம்மையைக் கீழே போட்டான். "அப்போ இனிமே உன்னை விழவைக்கவே கூடாதா? நல்லவளாவே காட்டணுமா?"

அதற்கு மேதி சொன்னாள்: "தாராளமா விழவை. ஆனா ஒருத்தரைப் பார்த்துச் சிரிக்கணும்னா, முதல்ல அவங்க முகத்தைப் பார்த்திருக்கணும்."