நன்றாகப் பார்த்த முகம்

ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் செத்தாலும் மறக்கமாட்டேன் என்று மார்தட்டுவார் மிராசுதார் தாண்டவராயர். நேற்று உச்சி வெயிலில் வரப்பில் நடந்தபோது, தோப்பிலிருந்து ஒருவன் இளநீர்க் குலையோடு ஓடியதைப் பார்த்துவிட்டார். இன்று வேலையாட்கள் அத்தனை பேரையும் களத்துமேட்டில் வரிசையாக நிறுத்தினார்.

"மண்டை காயுது! குடைக்காரன் எங்கடா தொலைஞ்சான்?" என்று கத்திக்கொண்டே வந்தவர், வரிசையில் நின்ற சடையனைக் கண்டதும் நின்றார்.

"இவன்தான்! நல்லாப் பார்த்த முகம். இல்லேன்னு நிரூபி, முடியலேன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊரைவிட்டு ஓடிடு."

சடையன் கைகட்டிக்கொண்டான். "எஜமான் கண்ணு தப்புமா? நேத்து உங்களுக்குக் குடை பிடிச்சவனும் பார்த்திருப்பான். அவனைச் சாட்சிக்குக் கூப்பிடுங்க."

"கூப்பிடுங்கடா அவனை!"

"ஆள் எப்படி இருப்பான், எஜமான்?" என்றான் சடையன்.

"குடைக்காரன் மூஞ்சியை எவன்டா பார்ப்பான்?"

"நாலு வருஷமா உங்க முதுகுக்குப் பின்னால நிக்கிற மூஞ்சி இதுதான், எஜமான். நேத்தும் அங்கேதான் நின்னேன்."

வரிசை முழுக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டது. தாண்டவராயரின் வழுக்கையில் வியர்வை ஓடியது.

சடையன் பணிவாகக் கேட்டான்: "இப்ப நான் ஊரைவிட்டு ஓடட்டுமா, இல்லே குடை பிடிக்கட்டுமா?"