சீக்கிரமே ஓய்வு பெற்ற வயல் எலி

குளத்துக்குக் கீழே ஒரு நெல்வயல். அந்த வயல் வரப்பில் சிங்காரம் என்ற எலியும் அதன் மனைவி பவளமும் வளை தோண்டிக் குடியிருந்தன. கொஞ்சம் தள்ளி, அதே வரப்பில், கொடுக்கையன் என்ற நண்டின் பொந்து இருந்தது.

ஒரு நாள் காலையில் சிங்காரம் வளை வாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு செய்தி சொன்னது. கேட்டதும் நண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, இன்னியோட நான் வேலையை விட்டாச்சு."

நண்டு பொந்திலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"என்ன தம்பி சொல்றே? உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. ஓய்வு பெற்றுட்டேன். ரிட்டயர் ஆயிட்டேன்."

"இந்த வயசிலயா! உனக்கு மீசையே இன்னும் சரியா வளரலையேப்பா!"

"மீசை நரைச்சப்புறம் ஓய்வு எடுத்து என்னத்தைப் பண்றது? ஓடியாட முடியறப்பவே உக்காந்துடணும். அதுதான் புத்திசாலித்தனம்."

ஓடியாட முடிகிறபோது எதற்கு உட்கார வேண்டும் என்று நண்டுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் சிங்காரம் வெறும் வாய்ச்சொல் வீரன் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். கதிர் முற்றிய நாளிலிருந்து அறுவடை முடியும்வரை அது தூங்கவே இல்லை. மற்ற எலிகள் தின்றுவிட்டுக் குறட்டை விட்டபோது, இது தாளைக் கொறித்துக் கொறித்துக் கதிர்களைச் சாய்த்தது. இழுத்து வந்து வளைக்குள் அடுக்கியது. உள்ளறையில் நெல் கூரையைத் தொட்டது. அந்த வயலில் வேறெந்த எலியும் அவ்வளவு சேர்த்ததில்லை.

நண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் கண்கள் இரண்டும் காம்போடு நீண்டுவிட்டன.

"நிறையத்தான் இருக்கு. ஆனா ஆயுசு முழுக்கவா வரும்?"

"சாதாரணமாத் தின்னா வராது. நான் திங்கிறபடி தின்னா வரும்" என்றது சிங்காரம். "காலையில ஒரு மணி நெல்லு. சாயங்காலம் ஒரு மணி. அதையும் காய்ஞ்சபடி திங்கக் கூடாது. ஈர மண்ணுல ஊறவெச்சா உப்பி ரெண்டு மடங்காயிடும். கண்ணுக்கும் நிறைவு, வயித்துக்கும் நிறைவு. நடந்தாப் பசிக்கும், அதனால நடக்கிறதில்லை. சிரிச்சாப் பசிக்கும், அதனால சிரிக்கிறதில்லை. எல்லாத்தையும் விடப் பொல்லாதது கொறிக்கிறதுதான். வாயை அசைக்க ஆரம்பிச்சா வயிறு கேக்க ஆரம்பிச்சுடும். அதனால இனிமே ஒரு குச்சியைக்கூடக் கொறிக்க மாட்டேன்."

"ஏன் தங்கச்சி, நீ ஒண்ணும் சொல்லலையா?" என்று நண்டு பவளத்தைப் பார்த்துக் கேட்டது.

"சொல்லாமலா இருந்தேன்? விடிஞ்சதிலருந்து தலைபாடா அடிச்சுக்கிறேன்" என்றது பவளம். "இதுவும் ஒரு பிழைப்பானு கேட்டா, பிழைப்பை விட்டாச்சுங்கிறாரு."

பவளத்துக்கு இந்தத் திட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அது வழக்கம்போல வேலைக்குப் போனது. அறுவடை முடிந்த வயலில் கதிர் ஏது? வரப்போரக் கோரைக்கிழங்கைத் தோண்டும். கருவேலங்கட்டையைக் கடித்துப் பார்க்கும். ஒன்றும் கிடைக்காத நாளில் வெறும் பனை வேரையாவது கொறித்துக்கொண்டிருக்கும்.

"எதுக்கு வீணா வாயை வலிக்க வெச்சுக்கிறே? உள்ளே மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு" என்று சிங்காரம் படுத்தபடியே கேட்கும்.

"எனக்குச் சும்மா இருக்க வரலைங்க" என்று பவளம் பதில் சொல்லும்.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. சிங்காரம் வெயில் காய்ந்தது. பருந்து வந்தபோது மற்ற எலிகள் அலறிக்கொண்டு ஓடின. இது வளைக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தது. ஊறிய நெல் வாயில் போட்டதும் கரைந்தது, கடிக்கவே வேண்டியிருக்கவில்லை. குவியலும் அப்படியே இருந்தது. தின்றது தெரியவே இல்லை. வழியில் போகிற தவளையைக்கூடக் கூப்பிட்டு, "பார்த்தியா? உழைச்சுச் சாகப் பிறந்தவனில்லை நான்" என்று பெருமையடித்துக்கொண்டது.

நாட்கள் போயின. ஒரு காலையில் சிங்காரத்தால் நெல்லைக் கவ்வ முடியவில்லை. மணி உதட்டில் பட்டு நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தது. மறுபடியும் விழுந்தது. வாய்க்குள் ஏதோ குறுக்கே நின்றது.

இந்தக் கூத்தைக் கேளுங்கள். அப்போதாவது அது பயந்திருக்க வேண்டாமா? பயப்படவில்லை. சந்தோஷப்பட்டது.

"பவளம், இன்னிக்கு ஒரு மணி மிச்சம்" என்றது. வார்த்தை குழறியது.

சாயங்காலமும் அப்படித்தான். "இன்னொண்ணும் மிச்சம். இப்படியே போனா நமக்குப் பிறக்கப்போற பிள்ளைங்ககூட வேலைக்குப் போக வேண்டாம்."

பவளம் கொறித்துக்கொண்டிருந்த வேரைப் போட்டுவிட்டு வந்தது. "என்னங்க உளர்றீங்க? ரெண்டு வேளை பட்டினி கிடந்துட்டு மிச்சம்ங்கிறீங்களே! வாயைத் திறங்க பார்ப்போம்."

சிங்காரம் திறக்க முயன்றது. திறக்க வரவில்லை. மூடவும் வரவில்லை. பவளம் அதை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தது.

மேல்பல் இரண்டும் வளைந்து நாக்குக்குக் கீழே இறங்கியிருந்தன. கீழ்ப்பல் இரண்டும் ஏறி மேல் அண்ணத்தில் முட்டிக்கொண்டிருந்தன. முட்டிய இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. பூட்டின மாதிரி வாய் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, உங்களுக்கு என்ன ஆச்சு? பல்லா இது?"

எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கொறிக்கக் கொறிக்கத் தேயும். தேய்வதால் வளர்வது தெரியாது. ஆனால் இது அந்த வரப்பில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? கொறிப்பதை நிறுத்திய எலி அதுவரை ஒன்றுகூட இல்லையே.

சிங்காரம் பேச நினைத்தது. சத்தம் மட்டும்தான் வந்தது. அதன் கண்ணில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. ஊறிய நெல்லைத் தேடிப் போய் முகத்தை அதில் புதைத்தது. நக்கிப் பார்த்தது. ஒரு மணிகூட உள்ளே போகவில்லை. கூரை வரைக்கும் நெல் இருந்தது, அதன் நடுவே அது பசியில் கிடந்தது.

பவளம் தன் பல்லால் அதன் பல்லைக் கடித்துப் பார்த்தது. பல்லும் பல்லும் உரசி வழுக்கியது. கல்லால் தட்டிப் பார்த்தது. சிங்காரம் வலியில் துடித்தது. அடுத்த நாள் அதனால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. விலா எலும்பு தெரிந்தது.

பவளம் நண்டின் பொந்துக்கு ஓடியது.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. அவரு செத்துப் போயிடுவாரு போலிருக்கு."

"நெல்லு தீர்ந்துபோச்சா?"

"நெல்லு அப்படியே இருக்கு அண்ணே. அதைத் திங்கத்தான் வாயில்லை."

நண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வந்தது. சிங்காரத்தின் முகத்தைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி பின்னால் நகர்ந்தது. நண்டு பக்கவாட்டில்தான் நகரும். அது பின்னால் நகர்ந்ததை அன்றைக்குத்தான் பவளம் பார்த்தது.

"அடப்பாவி! ரெண்டு அறுவடை பார்க்காத பிள்ளை, கிழவன் மாதிரி கிடக்கிறானே!"

"அண்ணே, உங்க கொடுக்கால அந்தப் பல்லை வெட்டி விடுங்க."

"என்னது? தங்கச்சி, நான் நாற்றை வெட்டியிருக்கேன், நத்தை ஓட்டை உடைச்சிருக்கேன். உசிரோட இருக்கிறவன் பல்லை வெட்டினதில்லை. கொஞ்சம் தவறினா நாக்கு போயிடும். நாக்கு போனா ஆளே போயிடுவான்."

"வெட்டாட்டியும் போயிடுவாரு."

சிங்காரம் கண்ணால் கெஞ்சியது. நண்டு கிட்டே வந்தது. பவளம் தன் முன்காலை உள்ளே விட்டு நாக்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கையை எடுத்துடாதே தங்கச்சி."

டக் என்று ஒரு சத்தம். ஒரு பல் துண்டாகி விழுந்தது. சிங்காரம் அலறியது. பவளத்தின் காலில் ரத்தம் வந்தது, ஆனாலும் அது பிடியை விடவில்லை. இன்னொரு சத்தம். பிறகு கீழ்ப்பல் இரண்டும். நாலு துண்டும் மண்ணில் கிடந்தன.

வாய் மெல்லத் திறந்தது. பவளம் ஊறிய நெல்லை நசுக்கி உள்ளே வைத்தது. சிங்காரம் அழுதுகொண்டே விழுங்கியது.

பேச்சு வர இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும் அது முதலில் கேட்டது இதைத்தான்:

"பவளம், நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. உனக்கு ஏன் பல்லு வளரலை?"

பவளம் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டது. சின்னதாக, சரியான அளவில் இருந்தது. அதற்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வாசலில் கிடந்த கருவேலங்கட்டையைப் பார்த்தது. கட்டை முழுக்கப் பல் தடம். அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எனக்கும் வளர்ந்துதாங்க இருக்கும்" என்றது மெதுவாக. "நான் தேய்ச்சுக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கே தெரியாம."

சிங்காரத்துக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கொறிப்பது கதிருக்காக மட்டும்தான் என்று அது நினைத்திருந்தது. தினம் எவ்வளவு தின்பது என்று பார்த்தது. எவ்வளவு நடக்கலாம், சிரிக்கலாமா கூடாதா என்றுகூட யோசித்தது. தின்கிற வாயைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை.

அன்று மத்தியானம் நண்டு நலம் விசாரிக்க வந்தது. வரப்பில் கொறிக்கிற சத்தம் கேட்டது. பவளம்தான் என்று நினைத்து நண்டு எட்டிப் பார்த்தது. பனை வேருக்குப் பக்கத்தில் சிங்காரம் உட்கார்ந்திருந்தது. இன்னும் காயம் ஆறவில்லை. ஒவ்வொரு கடிக்கும் முகத்தைச் சுளித்தது. ஆனாலும் விடாமல் கொறித்துக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி இது? நெல்லு உள்ளே அப்படியே கிடக்கு. அதுக்குள்ள திரும்பவும் வேலையா? அந்த வேர்ல தின்ன ஒண்ணும் கிடையாதே!"

"தெரியும் அண்ணே. இது சோத்துக்கு இல்லை."

"பின்னே?"

"உள்ளே கிடக்கிற சோத்தைத் தின்ன வாய் வேணுமே, அதுக்கு" என்றது சிங்காரம். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து கொறிக்க ஆரம்பித்தது.



வேலை நமக்குச் சோறு மட்டும்தான் போடுகிறதா என்று பாராமல் அவசரப்பட்டு அதை விடுகிறவருக்கு, எவ்வளவு சிக்கனமாகச் சேர்த்து வைத்திருந்தாலும், அதைத் தின்ன வாய் இருக்காது.