நரியின் நீளமான பெயர்

பாறையும் முட்புதருமாகக் கிடந்த ஒரு காட்டில், குழந்தைகளே, செந்நாய்களுக்குப் பயந்த விலங்குகளெல்லாம் பொழுது சாய்ந்ததும் ஒரு குகைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். குகையின் வாயில் குறுகலானது. அங்கே முள்ளம்பன்றி காவல் இருந்தது.

வருகிறவர் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்ல வேண்டும். தெரிந்தவர் என்றால் முள்ளம்பன்றி வழிவிடும், இல்லையென்றால் விரட்டிவிடும். ஆனால் யார் பேசினாலும் இடையில் நிறுத்தாது. அது மரியாதை இல்லையாம்! இதுவரை ஒரு திருட்டுப் பயலும் உள்ளே நுழைந்ததில்லை என்று அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் மாலை, எல்லோருக்கும் முன்னால் நரி வந்து வாயிலை மறித்து நின்றது. தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரியும். விலங்குகள் வெளியே மாட்டிக்கொண்டால் செந்நாய்கள் வேட்டையாடும், மிச்சம் மீதி தனக்குக் கிடைக்கும் என்பதுதான் அதன் திட்டம்.

"உன் பெயர்?" என்றது முள்ளம்பன்றி.

"கிழக்கு மேட்டுக் கருவாலன் பேரன், புற்றடி ஊளையன் மருமகன், ஓடைக்கரை நொண்டியின் பங்காளி, அவருடைய அத்தை மகன்..."

பெயர் நீண்டுகொண்டே போனது. பின்னால் வரிசையும் நீண்டது. தூரத்தில் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

வரிசையில் நின்ற புள்ளிமான் ஒன்று தன் குட்டியோடு முன்னால் வந்தது.

"அண்ணா, இவன் பெயர் இன்றைக்கு முடியாது! ஒரே மூச்சில் சொல்லாதவனைக் கடைசிக்கு அனுப்புங்கள். உங்கள் காவலில் இது பெரிய ஓட்டை!" என்று கத்தியது.

முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்தன. "எனக்கே காவல் கற்றுத் தருகிறாயா?"

"கோபப்படுங்கள் அண்ணா. என் குட்டி உள்ளே போனதும் நன்றாகக் கோபப்படுங்கள்."

முள்ளம்பன்றி குட்டியைப் பார்த்தது. அது தாயின் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சிலிர்த்த முட்கள் அடங்கின.

"நரியே, ஒரே மூச்சில் சொல்!"

"கிழக்கு மேட்டுக் கருவாலன் பேரன், புற்றடி... ஊளை..." நரிக்கு மூச்சு வாங்கியது.

"போ கடைசிக்கு!"

வரிசை மளமளவென்று உள்ளே போனது. கடைசி முயல் நுழைந்ததும் முள்ளம்பன்றி முட்களை விரித்து வாயிலை அடைத்தது. வந்து சேர்ந்த செந்நாய்கள் ஏமாந்துபோன ஆத்திரத்தில் நரியை ஓட ஓட விரட்டின.

அவை போன பிறகு முள்ளம்பன்றி மானிடம் வந்து தலை குனிந்தது.

"கெட்டவர் உள்ளே வந்துவிடக் கூடாது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி. நல்லவர் வெளியே நின்றதைப் பார்க்கவில்லை. இத்தனை உயிரும் உன்னால் பிழைத்தன. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!"

"நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்களே அண்ணா, அதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்" என்றது மான். அதன் குட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நீதி: நம் குறையை எடுத்துச் சொல்பவர் பகைவர் அல்லர், நம் நன்றிக்கு உரியவர்.