சுட்டது தொடாத வீடு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கத்திச் சொல்கிற கதை இல்லை.

கருந்தரை என்று ஒரு பட்டணம். இப்போது அங்கே மாடி வீடென்ன, மாவு மில்லென்ன, தெருவை அடைத்துக்கொண்டு போகிற குதிரை வண்டியென்ன. முதல் வண்டிகள் வந்து இறங்கின நாளில் அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. புல்தான். ஆளை முழுங்குகிற புல். கிழக்கே பார்த்தாலும் புல், மேற்கே மலை தொடுகிற வரைக்கும் புல்.

வந்தவர்கள் நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு நாள். அந்த வீட்டுக்காரன் விடியற்காலையில் புல்லுக்குத் தீ வைப்பான். தீ தானாக அவிகிற இடம் எதுவோ, அதுவரை அவன் நிலம்.

அதனால் அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தீக்கதை உண்டு. திருவிழா அன்று நாற்சந்தியில் நின்று அதைச் சொல்லவேண்டும். யார் வைத்தார், எந்தக் காற்று அடித்தது, எங்கே அவிந்தது. கதை வீட்டுக்கு வீடு மாறும். முடிக்கிற வாசகம் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்:

"அந்தப் புல்லுக்குள் ஒரு குருவிக்கூடுகூட இல்லை."

இதைச் சொன்னால்தான் நிலம் அவனுக்கு நிலைக்கும். சொல்லாவிட்டால் அந்த மண்ணை எவனும் தன்னுடையது என்று கேட்கமுடியாது. அப்படி ஒரு கட்டுப்பாடு.

வெள்ளியங்கிரியின் வீடுதான் அங்கே முதல் வீடு. அவன் தாத்தா கொண்டப்பன் வைத்ததுதான் முதல் தீ. அது ஓடைவரை ஓடியது. அந்த வீட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுட்டது தொடாத வீடு என்பார்கள். கறி ஆக்குவார்கள், மீன் குழம்பு வைப்பார்கள், ஆனால் நெருப்பில் வாட்டினது எதுவும் அந்த வாசலுக்குள் வராது. கத்தரிக்காயைக்கூடச் சுடமாட்டார்கள். வெள்ளியங்கிரியின் பெண்டாட்டி கல்யாணமாகி வந்த புதிதில், தெரியாமல் ஒரு கருவாட்டுத் துண்டைத் தணலில் போட்டுவிட்டாள். மாமியார்க்காரி அடுப்பையே இடித்துத் தள்ளிவிட்டுப் புது அடுப்புப் போட்டாள். தாத்தா பிடித்த நோன்பு அது. ஊரே சொல்லிச் சொல்லி மெச்சும்.

பட்டணம் வளர்ந்தது. இடம் போதவில்லை. மேற்கே மலைக்கும் ஊருக்கும் நடுவில் கடைசியாக ஒரு புல்வெளி மிச்சம் இருந்தது. அதையும் எரிக்கலாம் என்று பெரியதனக்காரர் தலைமையில் ஊர்ச்சபை முடிவு செய்தது. தீ வைக்கிற உரிமை முதல் வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை விடியலில் வெள்ளியங்கிரி வைக்கவேண்டும்.

அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிய ஆரம்பித்து, இரண்டு மருமகள்களும் ஒரே கிணற்றில் முகம் பார்க்காமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காலம். இந்த நிலம் வந்தால் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துவிடலாம். ஆனாலும் மனசில் ஒரு முள். அதை எடுத்துக்கொண்டு நெட்டாத்தாளைப் பார்க்கப் போனான்.

நெட்டாத்தாள் ஓடைக்கரைக் குடிசையில் இருந்தாள். வெள்ளியங்கிரியைவிட வயதில் சின்னவள். இருந்தாலும் அவளைத்தான் அவன் குருவாக வரித்திருந்தான், ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். பனைமரம் மாதிரி வளர்த்தி. அவ்வளவு உயரப் புல்லிலும் அவள் நடந்துபோனால் தலை தெரியும்.

"ஆத்தா, வெள்ளிக்கிழமை தீ வைக்கிறேன். திருநீறு குடுங்க."

"சாம்பல்தானே? வெள்ளிக்கிழமை ஊருக்கே கிடைக்கும். இப்ப என்ன அவசரம்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அந்தப் புல்லுக்குள்ள கிடைக்காரங்க இருக்காங்க ஆத்தா. ஆடு மேய்க்கிற சனம். புகை வாசனை பட்டா ஓடிருவாங்கன்னு பெரியதனக்காரர் சொல்றார்."

"அவர் போய்ப் பார்த்தாரா?"

"அவருக்கு முழங்கால் வலி."

"உனக்கு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சரி, உன் வீட்டுத் தீக்கதையைச் சொல்லு. கேட்டு ரொம்ப நாளாச்சு."

அவன் சொன்னான். கொண்டப்பன் வைத்தது, மேல்காற்று அடித்தது, ஓடையில் அவிந்தது, குருவிக்கூடுகூட இல்லாதது. நன்றாகச் சொல்வான். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

"தீ அவிஞ்ச பிறகு எல்லை பார்க்கப் போனது யாரு?"

"தாத்தாதான். தீ வச்சவன் தனியாத்தான் போகணும். அதுதான் வழக்கம்."

"எப்பத் திரும்பினார்?"

"பொழுது சாய. ஓடையில குளிச்சிட்டு ஈரத்துணியோட வந்தாராம். உடம்பெல்லாம் கரி, அதனால."

"உங்க வீட்டு நோன்பு இருக்கே, சுட்டது தொடாத நோன்பு. அது எப்பத்திலிருந்து?"

"தீ வச்ச மறுநாள்ளருந்து."

"அதுக்கு முன்னாடி சுட்டது திம்பாரா?"

"அய்யோ! வர்ற வழியெல்லாம் முயலும் காடையும் சுட்டுத் தின்னுக்கிட்டே வந்த மனுசன்னு அப்பா சொல்லுவார். வண்டியில..."

அங்கே நின்றுவிட்டான்.

ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆத்தாள் ஒரு சுள்ளியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா கடைசி நாளில் படுத்திருந்தபோது, ஓடைப் பக்கத்து ஜன்னலைச் சாத்து, சாத்து என்று சொல்லிக்கொண்டே இருந்ததும், குளிர் போல என்று எல்லோரும் கம்பளி போர்த்தியதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. அது சித்திரை மாசம்.

"நான் வைக்கலேன்னா ரெண்டாவது வீட்டுச் சின்னக்கண்ணு வைப்பான் ஆத்தா" என்றான் கடைசியாக.

"வைப்பான். வெள்ளிக்கிழமை என்ன காத்து?"

"கிழக்குக் காத்து. மலையைப் பார்த்து ஓடும்."

"போய்ட்டு வா" என்றாள். திருநீறு கொடுக்கவில்லை.

அதற்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நெட்டாத்தாள் மேற்குப் புல்லுக்குள் நடப்பதை ஊர் பார்த்தது. தலை மட்டும் தெரிந்தது. கையில் மாட்டு மணி ஒன்றை ஆட்டிக்கொண்டு, "யாரு இருக்கீங்க? யாரு இருக்கீங்க?" என்று கூவிக்கொண்டு போனாள். மில் வாசலில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"நெட்டாத்தாளோட மாடு காணாமப் போச்சா?"

"அவளுக்கு ஏது மாடு? புல்லுக்குப் பாடம் நடத்துறா!"

வெள்ளியங்கிரியும் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டான். வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேளம், மாலை, ஊரே புல் ஓரத்தில். பெரியதனக்காரர் மாசிலாமணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளியங்கிரி கையில் பந்தம். வைக்குமுன் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். சொன்னான். மேல்காற்று வந்தது, ஓடை வந்தது.

"அந்தப் புல்லுக்குள்..." என்றான்.

அவ்வளவுதான். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னப்பா, தாத்தா கதையே மறந்துபோச்சா?" என்று எவனோ கேட்டான். பொம்பிளைகள் சிரித்தார்கள்.

அப்போது பார்த்து ஒருத்தி கையை நீட்டினாள். "அங்க பாருங்க, புகை!"

நடுப் புல்லில், மலைப் பக்கமாக, புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"எவனோ முந்திக்கிட்டான்!" என்று கத்தினான் சின்னக்கண்ணு. இரண்டாவது வீட்டுக்காரன். பிறந்ததிலிருந்து இரண்டாவதாகவே இருந்து வெந்துபோனவன். "நிலம் போகுது, இவன் நின்னு முழிக்கிறான்! குடுடா!"

பந்தம் சின்னக்கண்ணு கைக்குப் போனது. அவன் பறித்தானா, இவன் விட்டானா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. வெள்ளியங்கிரிக்குத் தெரியும்.

தீ பிடித்தது. கிழக்குக் காற்று அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. வெயில் ஏறுமுன் நடுப்புல்வரை போய், அங்கே திடுமென்று அவிந்தது. ஏன் அங்கே அவிந்தது என்று யாருக்கும் புரியவில்லை. அப்புறம் காற்று திரும்பியது. அதோடு அந்த வாசனையும் வந்தது.

சுட்ட வாசனை. சதை வாசனை.

மேளக்காரன் கையை எடுத்துவிட்டான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"எல்லை பார்க்கப் போகணும்" என்றார் பெரியதனக்காரர். "தீ வச்சவன்தான் போகணும்."

"உரிமை முதல் வீட்டோடது" என்றான் சின்னக்கண்ணு. "நான் சும்மா கை உதவிக்குத்தான் வாங்கினேன்."

அதற்குமேல் உரிமை கேட்க ஆளில்லை. வெள்ளியங்கிரி தனியாக நடந்தான். செருப்பு அடியில் சாம்பல் சுட்டது. வாசனை வரவரக் கெட்டியானது. பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு நாளும் முகராத வாசனை. துண்டால் மூக்கைப் பொத்தினான், அப்புறம் எடுத்துவிட்டான். தாத்தா பொத்தியிருப்பாரா என்று நினைத்தான். காலடியைப் பார்த்தே நடந்தான், தலையைத் தூக்கப் பயம்.

ஒரு ஆடு கத்தியது.

நிமிர்ந்தான். கறுத்துக் கிடந்த தரை நடுவில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மேலெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. கிழவர்களை முதுகில் சுமந்திருந்தார்கள். ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பக்கத்தில் மிரண்டு தீக்குள்ளேயே ஓடிப்போன ஆடுகள் கருகிக் கிடந்தன. கூட்டத்துக்கு மேலே நெட்டாத்தாளின் தலை.

அவள்தான் விடிகிற வேளையில் ஆட்டுக்கிடைக்கு மேற்கே தீ வைத்தது. அது காற்றோடு மலையைப் பார்த்து ஓடிப்போனது. அது எரித்துவிட்டுப் போன வெறுந்தரையில் சனத்தைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டாள். பின்னால் வந்த ஊர்த்தீக்கு அங்கே தின்ன ஒன்றும் இல்லை.

வெள்ளியங்கிரி அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க ஓடலையா?" என்று கேட்டான்.

சீரங்கி என்கிற கிடைக்காரி பதில் சொன்னாள். "தீக்கு முன்னாடி ஓடக்கூடாதுன்னு எங்க சனத்துக்குத் தெரியும் சாமி. எங்க அப்பத்தா காலத்துல ஓடினவங்கள்ல ஒருத்தரும் மிச்சமில்ல."

"எங்க?"

"ஓடைப் பக்கம். உங்க ஊரு முதல் வீட்டுக் கிணத்துக்கு அந்தாண்டை."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது.

கூக்குரல் எதுவும் கேட்காததால் தைரியம் வந்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். முழங்கால் வலியோடு பெரியதனக்காரரும் வந்தார்.

"இங்கேருந்து தீ வச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் நெட்டாத்தாள்.

"எதுவரைக்கும் போச்சு?"

"மலை வரைக்கும்."

அவர் மலையைப் பார்த்தார். ஊர் ஆசைப்பட்டதில் பாதிக்குமேல் அது.

"இந்தக் குடிசைக்காரிக்கு நிலமா?" என்று குதித்தான் சின்னக்கண்ணு.

"சும்மா இருடா. இந்தக் கட்டுப்பாடு பொய்யின்னு ஆச்சுன்னா, உன் வீடு நிக்கிற மண் யாரோடது?" பெரியதனக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. கதையைச் சொல்லி முடி. நிலம் உன்னுது."

நெட்டாத்தாள் சொன்னாள். "கிழக்குக் காத்து. நான் வச்சேன். மலைப்பாறையில அவிஞ்சது."

"ம். அந்தப் புல்லுக்குள்ள..." என்று எடுத்துக்கொடுத்தார் அவர்.

"அந்தப் புல்லுக்குள்ள ஒரு காடைக்கூடு இருந்துச்சு."

மடியை அவிழ்த்தாள். கருகிப்போன ஒரு காடை. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வெடித்த முட்டைகள்.

"கூப்பிட்டேன். மணியும் அடிச்சேன். எல்லாரும் வந்தாங்க. இது மட்டும் முட்டையை விட்டு எழும்பல."

பெரியதனக்காரர் குரலைத் தணித்தார். "இப்படிச் சொன்னா நிலம் உனக்கு வராதும்மா."

"வராது."

"உனக்கு மட்டும் இல்ல. யாருக்குமே வராது."

"ஆமா" என்றாள் அவள்.

அவர்களுக்கு அது புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சீரங்கி தன் கம்பளியைச் சாம்பல் மேலேயே விரித்து ஒரு கிழவரை இறக்கிப் படுக்க வைத்தாள். ஆடுகள் கறுத்த தரையை மோந்து மோந்து பார்த்துக் கத்தின. மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது.

வெள்ளியங்கிரி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஆத்தா, அடுத்த மாசம் திருவிழா. நாற்சந்தியில நின்னு நான் தாத்தா கதையைச் சொல்லணும்."

"சொல்லணும்."

"பிள்ளைங்க ரெண்டு பேரும் முன்னாடி நிப்பாங்க. கடைசியில நான் என்ன சொல்ல?"

அவள் அவன் எதிரில் உட்கார்ந்தாள். காடையின் மேலிருந்த கரிந்த இறகைக் கையால் தேய்த்து உதிர்த்தாள். இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தன் வாயில் வைத்து, எலும்பு நொறுங்க, தொண்டை அடைக்க அடைக்க மென்று விழுங்கினாள்.

மற்றப் பாதியை அவனிடம் நீட்டினாள்.