குழாய் சொல்ல வந்த நாள்

அந்தக் காலத்தில் நரியும் காக்கையும் மட்டுமல்ல, தெருக்குழாயும் பேசிக்கொண்டிருந்தது. நரி பேசியதை நம்புகிறவர்கள் இதையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

ஆவுடையாபுரம் என்ற சின்ன நகரத்தில் மேட்டுத்தெருக் குழாய் சொன்ன சொல் தவறாது. "நாளை மறுநாள் காலை ஆறு மணி, வீட்டுக்கு நாலு குடம்" என்று சொல்லும். அப்படியே வரும். தெருவில் யாரும் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்ததில்லை.

பிறகு மூன்று வருடம் மழை பொய்த்தது. ஏரி வற்ற வற்ற, குழாய்க்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. "வருது!" என்றது, தெருவே குடத்தோடு ஓடி வந்தது. "இல்ல, வரல" என்றது, எல்லாரும் திரும்பினார்கள். அவர்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்குள், "வரும்போலத்தான் இருக்கு" என்றது.

"ஒண்ணைச் சொல்லித் தொலையேன்!" என்று கத்தினாள் சண்முகக்கனி. அவள் மூன்று வயது மகள் கலங்கல் தண்ணீர் குடித்து, இரண்டு நாளாக வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தாள். வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

"நான் என்னக்கா செய்யட்டும்? சகதிதான் மிச்சம்னு ஏரி சொல்லுது. பாதி இருக்குன்னு மேல்தொட்டி சொல்லுது. இன்னைக்கு உங்க தெரு இல்லைன்னு வால்வு சொல்லுது. யாரை நம்ப?" என்று குழாய் அழாத குறையாகச் சொன்னது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. தேநீர் நிறத்தில் வந்தது. குழாய்க்கு அப்போதுதான் ஏதோ பிடிபட்டது. "அக்கா, இப்ப விளங்கிருச்சு! கவனமாக் கேளு. இனிமே தண்ணி வர்ற நாளு..."

சண்முகக்கனி கேட்கவில்லை. புருஷனின் பழைய வேட்டியை நாலாக மடித்துக் குழாயின் வாயில் இறுக்கிக் கட்டினாள். "செத்த சும்மா இரு. பிள்ளைக்குத் தண்ணி வேணும்."

சகதி துணியில் நின்றது, தண்ணீர் தெளிந்து இறங்கியது. அதைக் கொதிக்கவைத்து மகளுக்குப் புகட்டினாள். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டது. தாய்க்கு அழுகை பொங்கிவிட்டது.

நன்றி சொல்லப் போய்த் துணியை அவிழ்த்தாள். "ஏதோ நாள் சொல்ல வந்தியே, என்ன அது?"

துணியில் தேங்கிய சகதி குழாயின் தொண்டைக்குள் இறங்கி இறுகியிருந்தது. "உஸ்ஸ்ஸ்" என்றது. இரண்டு முறை இருமியது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

கேட்டுவிட்டுக் கட்டியிருந்தால் ஊருக்கே நாள் தெரிந்திருக்கும். அதற்குள் அந்தத் தண்ணீர் நின்றுபோயிருந்தால்? எது சரி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்று முதல்தான் ஆவுடையாபுரத்தில் எல்லாரும் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டுகிறார்கள். அன்று முதல்தான் அது தண்ணீர் வருமுன் உஸ்ஸென்று இரைந்து இருமுகிறது, பெண்கள் காலிக் குடத்தோடு குனிந்து, அது என்ன நாள் என்று காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள்.