ஆடு மேய்ந்த கொடி

முன்னொரு காலத்தில் வெள்ளிமேட்டுச் சீமையை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவன் பார்த்த ஒரே வேலை, சுருட்டுப் பிடிப்பது. அவன் இருமினால் சபை முழுவதும் சேர்ந்து இருமும். ராஜா மட்டும் இருமினால் நோய் என்று ஆகிவிடுமாம். எல்லாரும் இருமினால் பனிக்காலம் என்று சொல்லிக்கொள்ளலாமாம். அப்படி ஒரு வெட்கங்கெட்ட சபை!

அதில் இருமாதவர் மந்திரி ஆதிநாதர் ஒருவர்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "பிரபு, இந்தச் சுருட்டை விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

"ஏன் விடவேண்டும்?"

"பல்லெல்லாம் கறுத்துவிட்டது."

"என் பல்லை உற்றுப் பார்க்க எவனுக்குத் துணிச்சல்?"

"நாற்றம் தாங்காமல் மகாராணி மேல்மாடிக்குக் குடிபோய்விட்டார்களே!"

"அதனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்."

ராஜாவின் சுருட்டுக்கு நெருப்பு நீட்டும் செண்பகராமன் விழுந்து விழுந்து சிரித்தான். மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவனுக்கு நெடுநாளாய் ஒரு கண். "பிரபு, இதெல்லாம் மந்திரியின் காரணங்கள். தங்கள் மனசுக்கே உறைக்கிற காரணம் ஒன்று இருந்தால் கொண்டுவரட்டும். இல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுக்கட்டும்."

"நல்ல யோசனை. கொடியேற்றம்வரை கெடு" என்றான் ராஜா, புகைக்கு நடுவிலிருந்து.

கொடியேற்றத்துக்கு மூன்றே நாள். அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா ஒரே மூச்சில் சங்கு ஊதவேண்டும். சங்கு ஒலிக்கும்வரைதான் பூசாரி கொடிக்கயிற்றை இழுப்பார். மூச்சு அறுந்த இடத்தில் கயிற்றைக் கட்டிவிடுவார். வருஷம் முழுக்கக் கொடி அங்கேதான் பறக்கும். கம்பம் பதினெட்டு முழம். மகுடபூபதியின் தாத்தா உச்சிவரை ஏற்றியவர்.

ஆதிநாதர் கம்பத்தடிக்குப் போனார். இருபது வருஷப் பதவி ஒரு சுருட்டுக்கொளுத்தியின் கைக்குப் போகப்போகிறதே என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். கம்பத்தைப் பார்த்தவர் திகைத்து நின்றார். வருஷாவருஷம் தோரணமும் கூட்டமும் மறைத்ததில் அவர் கவனிக்கவே இல்லை; இப்போது அண்ணாந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஐந்து முழம்தான் இருந்தது.

பூசாரி தலையைச் சொறிந்தார். "செண்பகராமன் ஐயா வருஷாவருஷம் வெட்டச் சொல்றாருங்க. ராஜாவுக்கு மூச்சு எட்டலையாம். கம்பம் குட்டையாத் தெரியுதேன்னு ராஜாவே ஒருதரம் கேட்டாருங்க. 'பிரபு, தாங்கள் வளர்ந்துவிட்டீர்கள்'னு சொல்லிட்டாரு."

"ராஜா நம்பிவிட்டாரா?"

"அரண்மனை நிலைவாசலை உசத்திக் கட்டச் சொல்லிட்டாருங்க!"

மந்திரிக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது.

கொடியேற்றத்தன்று, மங்கலத்துக்கு என்று சொல்லி, கொடியோடு ஒரு கட்டு அகத்திக்கீரையையும் சேர்த்துக் கட்டச் செய்தார். ராஜா கண்ணை மூடிக்கொண்டு சங்கை ஊதினான். பூம் என்று தொடங்கியது புஸ் என்று முடிந்தது. அதற்குள் கொடி உச்சியைத் தொட்டுவிட்டது. சபை ஆரவாரம் செய்தது. அந்த நேரம் பார்த்து, நேர்ந்துவிட்ட கோயில் கிடா ஒன்று ஓடிவந்து, பின்னங்காலில் எழும்பி, கீரையை இழுத்தது. கீரையோடு கொடியிலும் பாதி அதன் வாய்க்குள் போனது.

"அந்த ஆட்டை வெட்டுங்கள்!" என்று கத்தினான் ராஜா.

"ஆடு என்ன செய்யும் பிரபு?" என்றார் ஆதிநாதர். "தங்கள் தாத்தா ஏற்றிய கொடியில் காக்கைதான் உட்காரும். தாங்கள் ஏற்றிய கொடியை ஆடு மேய்கிறது. மிச்சம் பதின்மூன்று முழத்தைச் செண்பகராமனிடம் கேளுங்கள்."

செண்பகராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. "தங்கள் மூச்சுக்கு மரியாதை செய்யத்தான் பிரபு வெட்டினேன்..."

ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அவன் செண்பகராமன் பக்கம் திரும்பினான்.

"எனக்காகக் கம்பத்தை வெட்டினாயே, ஒரு சுருட்டையாவது வெட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றியதா?"

மடியிலிருந்த சுருட்டை எடுத்து அங்கேயே கீழே போட்டு மிதித்தான். மோதிரம் மந்திரியின் விரலிலேயே இருந்தது. செண்பகராமனுக்கு வருஷம் முழுக்கக் கம்பத்தடியில் நின்று ஆடு விரட்டும் உத்தியோகம் கிடைத்தது.

மறு வருஷம் பதினெட்டு முழத்தில் புதுக்கம்பம் நட்டார்கள். ராஜா முகம் சிவக்க ஊதினான். கொடி பாதிக்குச் சற்று மேலே போய் நின்றது. சபையில் ஒருவன் பழக்கதோஷத்தில், "உச்சியைத் தொட்டுவிட்டீர்கள் பிரபு!" என்று கூவினான்.

"வாயை மூடடா" என்றான் மகுடபூபதி, மூச்சு வாங்கிக்கொண்டே. "பதினோரு முழம். எல்லாரும் உரக்கச் சொல்லுங்கள்."